சித்தப்பாவின் ரஷ்ய மொழியும் வற்றிய கடலும்: உஸ்பெகிஸ்தான் நாட்குறிப்பு

அக்டோபர் 9, 2024, புதன் – தாஷ்கண்ட்

விமான நிலையத்திலிருந்து விடுதிக்கு டாக்சிக் கட்டணம் 28 ஆயிரம் என்று கைபேசியில் பார்த்ததும் சித்தப்பா பெட்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "பஸ்ஸில் போய்விடலாம்" என்றார். ஒரு ரூபாய்க்கு ஏறத்தாழ 150 சோம், நம் பணத்தில் இருநூறு ரூபாய்கூட ஆகவில்லை என்று கணக்குப் போட்டுக் காட்டிய பிறகே காரில் ஏறினார். டாக்சியை வரவழைக்கும் யாண்டெக்ஸ் செயலி ரஷ்ய நிறுவனத்துடையது. சோவியத் ஆட்சி போய் முப்பத்துமூன்று ஆண்டுகள் ஆகிவிட்டன, வண்டி மட்டும் இன்னும் ரஷ்யக் கணினி சொல்கிற வழியில்தான் ஓடுகிறது.

சித்தப்பாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். வயது எழுபத்தொன்று. எண்பதுகளில் வேலை முடிந்ததும் சென்னை கஸ்தூரி ரங்கன் சாலையில் இருந்த சோவியத் பண்பாட்டு மையத்துக்குப் போய் ரஷ்ய மொழி கற்றவர். மாஸ்கோ முன்னேற்றப் பதிப்பகம் தமிழிலேயே அச்சிட்டு அனுப்பிய கெட்டி அட்டைப் புத்தகங்களை ஐந்து ரூபாய்க்கும் ஆறு ரூபாய்க்கும் வாங்கிச் சேர்த்தவர். சோவியத் நாட்டைப் பார்க்க வேண்டும் என்று அன்றிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தார். கையில் காசு சேர்ந்தபோது நாடு இல்லை. இப்போது மாஸ்கோ போகலாம் என்றால் போர் நடக்கிறது. அதனால் உஸ்பெகிஸ்தான். அந்தப் புத்தகங்கள் எனக்கும் பிடிக்கும். அவற்றை அச்சடித்த அரசின் மேல் எனக்கு அவ்வளவு மரியாதை கிடையாது. ஆகவே சண்டை விமானத்திலேயே தொடங்கிவிட்டது.

மாலையில் நல்ல குளிர். அலிஷெர் நவாயி நாடக அரங்கின் முன்னால் நீரூற்றைச் சுற்றிக் குழந்தைகள் ஓடிக்கொண்டிருந்தார்கள். அரங்கை வடிவமைத்தவர் ஷ்சூசெவ். மாஸ்கோவில் லெனினின் உடல் வைக்கப்பட்டிருக்கும் மண்டபமும் அவர் வரைந்ததுதான். இங்கே வந்தவர் உள்ளூர்க் கொத்தர்களையும் மரச் செதுக்குக்காரர்களையும் அழைத்து, ஆறு கூடங்களை ஆறு ஊர்ப் பாணியில் அமைத்தார்: புகாரா ஒன்று, கீவா ஒன்று, சமர்கண்ட் ஒன்று என்று. போர் முடிந்தபின் ஜப்பானியக் கைதிகள் கட்டுமானத்தில் உழைத்தார்கள், அதற்குச் சுவரில் ஒரு நினைவுப் பலகை இருக்கிறது. 1947இல் திறந்தார்கள். பாலே என்ற கலையே இல்லாதிருந்த நாட்டுக்கு அதற்கென்று ஓர் அரங்கு. உள்ளூர்க்காரர்கள் கேட்டார்களா என்றேன். "கர்னாடக சங்கீத சபாவில் வயலின் வாசிக்கிறார்களே, யார் கேட்டது?" என்று திருப்பிக் கேட்டார் சித்தப்பா. முதல் நாள் அவருக்குத்தான் வெற்றி.

அக்டோபர் 10, வியாழன் – தாஷ்கண்ட்

மெட்ரோவில் காலை முழுவதும் கழித்தோம். பதினைந்து ரூபாய்க்கும் குறைவான டிக்கெட்டில் உள்ளே போய்விட்டால், வெளியே வராமல் ஒவ்வொரு நிலையமாக இறங்கி ஏறலாம். 1977இல் ஓடத் தொடங்கியது, மத்திய ஆசியாவின் முதல் மெட்ரோ. அணுகுண்டு விழுந்தால் பதுங்கும் இடமாகவும் கட்டியதால், 2018 வரை உள்ளே படம் எடுக்கத் தடை. இப்போது காவலரே நமக்கு வழிவிட்டு நிற்கிறார்.

'பாக்தகோர்' நிலையத்தில் சுவர் முழுக்கப் பருத்திக் காய் வெடித்த வடிவங்கள். 'அலிஷெர் நவாயி'யில் வரிசையாக நீலக் குவிமாடங்கள், மசூதிக்குள் ரயில் வந்து நிற்கிறதோ என்று தோன்றும். 'கோஸ்மோநவ்ட்லர்' விண்வெளி வீரர்களுக்கானது. மேலே கருநீலமாகத் தொடங்கும் சுவர் கீழே வரவரச் சாம்பலாக மாறுகிறது, அதில் வட்டமான பீங்கான் ஓவியங்கள். ககாரின் இருக்கிறார், தெரெஷ்கோவா இருக்கிறார். அதே வரிசையில், தலைப்பாகையுடன் பதினைந்தாம் நூற்றாண்டின் சமர்கண்ட் மன்னன் உலுக் பேக். வானியல் அறிஞன் என்பதால் இடம். மதத்தை ஒழிக்க மசூதிகளை மூடிய அரசு, தைமூரின் பேரனைக் கூப்பிட்டுத் தன் விண்வெளி வீரர்களோடு நிற்க வைத்திருக்கிறது. இந்தச் சுவரின் முன்னால்தான் நான் அதிக நேரம் நின்றேன். சித்தப்பா அங்கே பெஞ்சில் இருந்த கல்லூரிப் பையனிடம் ரஷ்ய மொழியில் எதையோ கேட்டார். பையன் ஆங்கிலத்தில் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, பக்கத்திலிருந்த அம்மாவைக் காட்டினான். அந்த அம்மா ரஷ்ய மொழியில் மடை திறந்துவிட்டார். தாஷ்கண்டில் பரவாயில்லை, மேற்கே போகப் போக இந்த வயதுக் கோடு இன்னும் தெளிவாகத் தெரியும் என்று அவரே சொன்னார்.

எழுத்தும் அப்படித்தான். 1920களின் இறுதி வரை அரபு எழுத்து, பிறகு லத்தீன், 1940இல் ரஷ்யர்களின் சிரிலிக், 1993இல் மறுபடி லத்தீன் என்று சட்டம். தெருப் பலகைகள் லத்தீனில், தையற்கடையின் பலகை சிரிலிக்கில், மருந்துக் கடையில் இரண்டும். ஒரே வீட்டில் தாத்தா எழுதி வைத்த கடிதத்தைப் பேத்தியால் படிக்க முடியாத நாடு.

மதியம் ப்லோவ். ஒரு மணிக்குள் போகவில்லை என்றால் அண்டா காலி. அரிசி, மஞ்சள் காரட், ஆட்டிறைச்சி, கொண்டைக்கடலை. மேலே காடை முட்டையும் குதிரை இறைச்சித் துண்டும் வைத்தார்கள். குதிரையை நான் ஒதுக்கினேன், சித்தப்பா அதையும் சேர்த்துச் சாப்பிட்டார். தட்டு 40 ஆயிரம் சோம். எண்ணெய் விரலில் வழிகிறது. அதற்குத்தான் கூடவே சுடச்சுடப் பச்சைத் தேநீர்.

சாஸ்திரி சிலைக்குப் போனோம். இந்தியா–பாகிஸ்தான் போர் முடிந்து, சோவியத் பிரதமர் கொசிகின் நடுவராக இருக்க, சாஸ்திரியும் அயூப் கானும் 1966 ஜனவரி 10 அன்று கையெழுத்திட்டது இந்த ஊரில். சில மணி நேரத்தில், 11ஆம் தேதி அதிகாலை, சாஸ்திரி இங்கேயே இறந்தார். மார்பளவுச் சிலையின் கீழே யாரோ வைத்த செவ்வந்திகள் வாடியிருந்தன. பக்கத்துப் பெஞ்சில் இருந்த பாட்டி நாங்கள் இந்தியர் என்றதும் ராஜ் கபூர் என்றார், மிதுன் சக்ரவர்த்தி என்றார், பிறகு தாமாகவே சிலையைக் காட்டி, "இவர் போன அதே ஆண்டில்தான் நிலம் ஆடியது" என்றார்.

அதே ஆண்டு ஏப்ரல் 26, காலை 5.23. அளவுகோலில் பெரிய நிலநடுக்கம் அல்ல, ஆனால் மையம் நகரத்துக்கு நேர் கீழே. மண் வீடுகள் உதிர்ந்து, ஏறத்தாழ மூன்று லட்சம் பேர் வீடிழந்தார்கள். நேரம் செதுக்கிய கருங்கல் ஒன்று நடுவில் பிளந்தபடி நினைவிடத்தில் இருக்கிறது. எல்லாக் குடியரசுகளிலிருந்தும் கட்டடத் தொழிலாளர்கள் ரயில் ரயிலாக வந்து நகரைக் கட்டினார்கள். இதைப் பற்றிச் சித்தப்பா சிறுவயதில் பத்திரிகையில் படித்திருக்கிறார், சொல்லும்போது குரல் கம்மியது. நான் வாயை அடக்கியிருக்கலாம், ஆனாலும் சொன்னேன்: நிலநடுக்கம் விட்டுவைத்த பழைய தெருக்களையும் திட்டம் போட்டவர்கள் இடித்தார்கள், முற்றமும் திராட்சைக் கொடியும் வைத்து வாழ்ந்தவர்களை அடுக்குமாடிக்கு ஏற்றினார்கள். அந்த அடுக்குமாடிகளின் பக்கச் சுவர்களில் ஜார்ஸ்கி சகோதரர்கள் பதித்த கல் ஓவியங்கள் அழகுதான், மறுக்கவில்லை.

கடைசியாகச் சோர்சு சந்தை. பெரிய நீலக் குவிமாடத்துக்குள் இறைச்சி, வெளியே மாதுளை, உலர்ந்த பாதாமி, வெள்ளரி ஊறுகாய். ஊறுகாய் வரிசையில் கொரிய முகத்துடன் ஒரு பெண்மணி, மெல்லிய நூலாகச் சீவிய காரட்டில் வினிகர், பூண்டு, மிளகாய், தனியா பிசைந்து குவியல் குவியலாக வைத்திருந்தார். 1937இல் ஸ்டாலின் தூர கிழக்கிலிருந்து ஏறத்தாழ 1,70,000 கொரியர்களைச் சரக்கு ரயில்களில் ஏற்றி, கசாக், உஸ்பெக் புல்வெளிகளில் இறக்கிவிட்டார். ஊறுகாய் போடத் தங்கள் முட்டைக்கோஸ் இல்லை. இருந்ததோ காரட். அதில் போட்டார்கள். இப்போது உஸ்பெக் திருமணப் பந்தியில் இது இல்லாமல் இலை போடுவதில்லை, ரஷ்யா முழுவதும் விற்கிறது, கொரியாவில் இருப்பவர்களுக்கு இப்படி ஒரு பண்டம் தெரியாது. நாலு சொட்டு எண்ணெய் ஊற்றி, காகிதக் கிண்ணத்தில் கொடுத்து, காசு வாங்க மறுத்தார். தனியா வாசனை எனக்கு வீட்டை நினைவூட்டியது என்று சித்தப்பாவைச் சொல்ல வைத்தேன். அதற்கு இன்னொரு கிண்ணம் கிடைத்தது.

அக்டோபர் 12, சனி – சமர்கண்ட்

ரெகிஸ்தான் சதுக்கத்தைப் பற்றி எழுத எனக்கு ஆசையில்லை, படங்களில் பார்ப்பதைவிடப் பெரிது என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். நூற்றுக்கணக்கான பேர் தற்படம் எடுக்கும் நேரத்தில் நாங்கள் இருவரும் உலுக் பேக் மதரசாவின் ஒரு மினாரைக் கண்ணைச் சுருக்கிப் பார்த்துக்கொண்டிருந்தோம். சாய்ந்து விழ இருந்த இந்த மினாரை 1932இல், இடிக்காமல், அப்படியே அடியில் திருப்பி நேராக நிமிர்த்தினார்கள். வழி சொன்னவர் ஷூகோவ், மாஸ்கோவின் வலைப்பின்னல் வானொலிக் கோபுரத்தைக் கட்டிய பொறியாளர்.

மலைமேல் உலுக் பேக்கின் வான் நோக்கு நிலையம். மன்னன் கொல்லப்பட்டபின் இடிந்து, இடம்கூட மறந்து போயிருந்ததை 1908இல் தேடிக் கண்டுபிடித்தவர் வியாத்கின் என்ற ரஷ்யர். பாறையில் வெட்டிய கோணமானியின் அடிப்பகுதி மட்டும் பாதாளத்துக்குள் வளைந்து இறங்குகிறது. வியாத்கினின் கல்லறையும் பக்கத்திலேயே இருக்கிறது. பேருந்தில் வரும் கூட்டம் அதைக் கவனிப்பதில்லை.

இன்னொரு பக்கமும் உண்டு. 1868இல் சமர்கண்டைப் பிடித்த ஜெனரல் காஃப்மன், இங்கே பல நூற்றாண்டுகளாகப் பாதுகாத்து வந்த தோல் ஏட்டுக் குர்ஆனை மறு ஆண்டே பீட்டர்ஸ்பர்க் நூலகத்துக்கு அனுப்பிவிட்டார். மூன்றாம் கலீஃபா உஸ்மானுடையது என்று மக்கள் நம்பும் ஏடு. புரட்சிக்குப் பிறகு முஸ்லிம்களிடம் திருப்பித் தரப்பட்டு, உஃபா வழியாக 1924இல் தாஷ்கண்டுக்கு வந்தது. நேற்று அங்குள்ள ஹஸ்ரத் இமாம் வளாகத்தில் கண்ணாடிக்குள் பார்த்தோம். ஜார் எடுத்துப்போனான், லெனின் திருப்பிக் கொடுத்தார் என்று சித்தப்பா அங்கே வந்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். அதே லெனின் கட்சி பின்னால் எத்தனை மசூதிகளைக் கிடங்காக்கியது என்று காவலாளி பணிவாகப் பட்டியல் போட்டார். சித்தப்பா தலையாட்டிவிட்டு வெளியே வந்துவிட்டார்.

தைமூரின் சமாதியில் கரும்பச்சைக் கல். 1941 ஜூனில் மானுடவியலாளர் கெராசிமோவ் குழு இதைத் திறந்து எலும்புகளை எடுத்தது. வலது கால் ஊனம் என்பது உறுதியாயிற்று, மண்டையோட்டை வைத்து முகத்தையும் வடித்தார்கள். அதே மாதம் 22ஆம் தேதி ஹிட்லர் படை உள்ளே நுழைந்தது. கல்லறையைத் திறந்தால் போர் வரும் என்ற சாபம் பலித்தது என்று வழிகாட்டிகள் இன்றைக்கும் குரலைத் தாழ்த்திச் சொல்லிக் கூடுதலாகப் பத்தாயிரம் சோம் வாங்குகிறார்கள். படையெடுப்புத் திட்டம் அதற்கு ஆறு மாதம் முன்பே கையெழுத்தாகிவிட்டது. கல்லறைகள் ஜெர்மன் ராணுவ அலுவலகத்தைப் பார்த்துக்கொண்டு இருப்பதில்லை.

இரவு உணவு ரஷ்யப் பகுதியில். அகன்ற தெரு, வரிசை மரங்கள், செங்கல் வீடுகள். 1888இல் ரயில் வந்த பிறகு வளர்ந்த பகுதி இது. சிவப்புப் பீட்ரூட் சூப், பெல்மெனி என்ற இறைச்சிக் கொழுக்கட்டை, கூடவே சமர்கண்ட் ரொட்டி. கறுப்பு ரொட்டி கேட்டார் சித்தப்பா, தீர்ந்துவிட்டது என்றாள் பரிமாறிய பெண். எனக்கு வருத்தமே இல்லை. இந்த ஊர் ரொட்டி கையில் எடுத்தால் கல் மாதிரி கனம், மேல்தோல் பளபளப்பு, நடுவில் முள்ளச்சு குத்திய பூ. நாளைக்கு ரயிலுக்கென்று நாலு வாங்கினோம்.

அக்டோபர் 13, ஞாயிறு – நுகுஸ் ரயில்

ஊர் மாறியும் சோவியத் ரயில் மாறவில்லை. ஒரு பெட்டியில் 54 படுக்கை, தடுப்புக் கதவு கிடையாது, ஒரு முனையில் வெந்நீர் கொதிகலன். பெட்டிக் காப்பாளர் அம்மா துவைத்த விரிப்புகளை உறையில் போட்டுக் கொடுத்து, டிக்கெட்டை வாங்கித் தோல் பையில் செருகிக்கொண்டார். தண்டவாள அகலம் 1,520 மில்லிமீட்டர். நம் அகலப் பாதையைவிடக் குறைவு.

எதிர் இருக்கையில் ஒரு பள்ளி ஆசிரியையும் மகனும். வண்டி கிளம்பிய கையோடு துணியை விரித்து அவித்த முட்டை, தக்காளி, கோழி, மிட்டாய், ரொட்டி எல்லாவற்றையும் பரப்பி, எங்களைப் பார்த்தார்கள். நாங்கள் கை வைக்கும் வரை அவர்களும் தொடவில்லை. சித்தப்பா எங்கள் ரொட்டியை எடுத்துக் கவிழ்த்து வைத்தார். ஆசிரியை பேச்சை நிறுத்தாமலே அதைத் திருப்பிப் பூ மேலே தெரிய வைத்தார். எந்த வீட்டிலும் ரொட்டியை முகம் குப்புற வைக்க மாட்டார்களாம். தேநீரைக் கிண்ணத்தில் ஊற்றி, கெண்டியிலேயே திரும்ப ஊற்றி, இப்படி மூன்று முறை, பிறகு பாதிக் கிண்ணம் மட்டும் தந்தார். நிறைய ஊற்றினால் குடித்துவிட்டுக் கிளம்பு என்று பொருளாம். எங்கள் மணப்பாறை முறுக்கு அந்தப் பையனுக்குப் பிடித்துப்போய், தேநீரில் தோய்த்துத் தின்று தீர்த்தான்.

சித்தப்பாவின் ரஷ்ய மொழி இங்கே வெளுத்துக் கட்டியது. ஆசிரியைக்கு ஐம்பது வயது இருக்கும். சோவியத் காலத்தில் பள்ளிக்குழந்தையாகப் பருத்தி பறித்திருக்கிறார். விடுதலைக்குப் பிறகு ஆசிரியையாகவும் பறித்திருக்கிறார். ஒவ்வொரு செப்டம்பரிலும் பள்ளியை மூடிவிட்டு வயலுக்கு, நாளைக்கு இத்தனை கிலோ என்று கணக்கு, குறைந்தால் கேள்வி. உலகத் துணி நிறுவனங்கள் உஸ்பெக் பருத்தியைப் புறக்கணித்த பிறகுதான் கெடுபிடி தளர்ந்தது. 2021 அறுவடையில் கட்டாய வேலை முறை ஒழிந்தது என்று சர்வதேச தொழிலாளர் அமைப்பு அறிவித்தது. "ரஷ்யர்கள் போனார்கள், பை என் தோளிலேயே இருந்தது" என்று சொல்லிவிட்டு அவரே சிரித்தார். சித்தப்பா மொழிபெயர்த்துச் சொல்லும்போது சிரிக்கவில்லை.

நள்ளிரவில் ஒரு கலாட்டா. பெரிய நிலையங்கள் நெருங்கும்போது காப்பாளர் கழிப்பறைகளைப் பூட்டிவிடுவார். நிலையம் தாண்டிச் சில நிமிடம் கழித்தே திறப்பார், தண்டவாளத்தின் சுத்தத்துக்காக. இந்த விதி சித்தப்பாவின் சிறுநீரகத்துக்குத் தெரியாது. பூட்டிய கதவின் முன்னால் நின்று அவர் ரஷ்ய மொழியில் வேண்டுகோள் விடுத்தார், பிறகு தமிழில். காப்பாளர் அம்மா அசையவில்லை. சோவியத் கட்டுப்பாடு எப்படி இருந்தது என்று நேரில் பார்த்தாயிற்றே என்று நான் சொன்னதற்குக் காலை வரை என்னுடன் பேசவில்லை.

விடிந்தபோது இரண்டு பக்கமும் கிசில்கும் பாலைவனம். ஒட்டகங்கள், மின்கம்பம், மறுபடி மண்.

அக்டோபர் 15, செவ்வாய் – நுகுஸ்

நேற்று புழுதிக் காற்று. கண்ணைத் திறக்க முடியவில்லை, பல்லில் மணல், உதட்டில் உப்பு. விடுதியில் படுத்தே கழித்தோம். தானியங்கி இயந்திரம் என் அட்டையை இரண்டு இடத்தில் துப்பியது. சித்தப்பா இடுப்புப் பையில் வைத்திருந்த டாலர்கள் காப்பாற்றின.

நுகுஸ், உஸ்பெகிஸ்தானுக்குள்ளேயே இருக்கும் கரகல்பக்ஸ்தான் தன்னாட்சிக் குடியரசின் தலைநகரம். நேரான தெருக்கள், சாம்பல் கட்டடங்கள், சுற்றிலும் ஒன்றுமில்லை. இந்த ஊருக்கு நான் வந்ததே சவீத்ஸ்கி அருங்காட்சியகத்துக்காகத்தான்.

இகோர் சவீத்ஸ்கி 1915இல் உக்ரைனின் கீவ் நகரில் பிறந்தவர். ஓவியர். 1950இல் இந்தப் பகுதியை ஆராய்ந்த கோரெஸ்ம் தொல்லியல் குழுவுக்குப் படம் வரைந்து கொடுக்க வந்தவர் திரும்பிப் போகவில்லை. கரகல்பக் மக்கள் பழசு என்று ஒதுக்கிய வெள்ளி நகைகள், கூடாரப் பட்டைகள், கம்பளங்களை ஊர் ஊராகப் போய்ச் சேகரித்தார். 1966இல் அருங்காட்சியகம் அமைந்தது. அதற்குப் பிறகு செய்ததுதான் துணிச்சல். மாஸ்கோவுக்கும் லெனின்கிராடுக்கும் ரயிலில் போய், ஸ்டாலின் காலத்தில் தடைபட்ட ஓவியர்களின் விதவைகளையும் பிள்ளைகளையும் தேடிப் பிடித்தார். பரணிலும் கட்டிலுக்கு அடியிலும் சுருட்டி வைத்திருந்த படங்களைக் கடனுக்கு வாங்கிக்கொண்டு பாலைவனத்துக்குக் கொண்டுவந்தார். உழைப்பாளி முறுவலிக்காத படத்துக்கு இடமில்லை என்றிருந்த காலத்தில், மாஸ்கோவிலிருந்து இரண்டாயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால் அந்தப் படங்களையெல்லாம் மாட்டி வைத்தார்.

உள்ளே நுழைந்ததும் லிசென்கோ என்ற ஓவியர் வரைந்த நீலக் காளை. கண்கள் இரண்டும் துப்பாக்கிக் குழல்கள்போல் நம்மை நேராகப் பார்க்கின்றன. இதைக் கழற்றச் சொல்லி அதிகாரிகள் வந்தார்கள், கழற்றினார், அவர்கள் போனதும் திரும்ப மாட்டினார் என்று வழிகாட்டிப் பெண் சொன்னாள். நதேழ்தா போரவாயாவின் சிறு கோட்டோவியங்கள் இன்னொரு சுவரில். சோவியத் கைதி முகாமை, அங்கே இருந்தபோது, பார்த்து வரைந்தவை: பலகைப் படுக்கைகள், பெண்கள், விளக்கு. இவற்றை வாங்கப் பணம் ஒதுக்கும் குழுவிடம், நாஜி முகாம்களின் படங்கள் என்று சவீத்ஸ்கி சொன்னாராம். குழு மனமுருகிக் கையெழுத்துப் போட்டதாம்.

சித்தப்பா அந்தச் சுவரைவிட்டு வெகுநேரம் நகரவில்லை. தன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, தேதிகளை ஒவ்வொன்றாகப் படித்தார். அவர் பேச நான் காத்திருந்தேன். "வரைவதற்குப் பென்சில் எப்படிக் கிடைத்ததோ" என்றார், அவ்வளவுதான்.

வெளியே தேநீர்க் கடையில் உட்கார்ந்தபோது எனக்குத் தோன்றியது இது. மாஸ்கோ தன் கண்ணில் படக் கூடாது என்று நினைத்தவற்றை இந்தத் திசைக்கு அனுப்பியது. நுகுஸில் நச்சு வேதிப்பொருள் ஆய்வகம் இருந்தது. ஆரல் கடலின் நடுவே ஒரு தீவில் அம்மையையும் ஆந்த்ராக்ஸையும் ஆயுதமாகச் சோதித்தார்கள். இங்கே எது நடந்தாலும் கேட்பாரில்லை. சவீத்ஸ்கி அதே கேட்பாரின்மையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். ரஷ்யர்கள் உஸ்பெக் மக்களுக்குக் கலையைக் கொண்டுவந்தார்கள் என்று சித்தப்பாவின் புத்தகங்களில் இருக்கும். இங்கே நடந்தது தலைகீழ்: ரஷ்யக் கலையை ரஷ்யாவிடமிருந்து காப்பாற்றிக் கொடுத்தது கரகல்பக் மண்.

அக்டோபர் 16, புதன் – மொய்னாக்

200 கிலோமீட்டர், வழியெல்லாம் பருத்தி வயல், பிறகு உப்புப் பூத்த தரை. கார் எரிவாயுவில் ஓடுவது. நிரப்பும் இடத்தில் எல்லாரும் இறங்கித் தள்ளி நிற்க வேண்டும் என்பது விதி, அந்தக் குளிர்காற்றில் நின்றோம். ஓட்டுநருக்கு நாற்பது வயது, மாஸ்கோவில் கட்டட வேலை பார்த்துத் திரும்பியவர். இந்த ஆண்டு மார்ச்சில் மாஸ்கோ இசையரங்கில் நடந்த தாக்குதலுக்குப் பிறகு மத்திய ஆசிய முகத்தைப் பார்த்தாலே போலீசார் நிறுத்திக் காகிதம் கேட்கிறார்கள் என்றார். தம்பி இன்னும் அங்கேதான். பணம் அனுப்புகிறான், அதில்தான் இந்தக் கார்.

மொய்னாக் ஒருகாலத்தில் துறைமுகம். மேட்டில் ஏறி நின்றால் கீழே கடல் இருந்த இடம், அதில் துருப்பிடித்த பத்துப் பதினோரு படகுகள் வரிசையாக நிற்கின்றன. 1960இல் ஆரல் கடலின் பரப்பு ஏறத்தாழ 68,000 சதுர கிலோமீட்டர், இலங்கைத் தீவைவிடக் கொஞ்சம் பெரிது, உலக ஏரிகளில் நான்காவது. அமு, சிர் என்ற இரண்டு ஆறுகளையும் பருத்திக்குத் திருப்பினார்கள். வழியில் மண் கால்வாய்களே பாதியைக் குடித்தன. கடல் வற்றும் என்று திட்டக்காரர்களுக்குத் தெரியும், பருத்தி அதைவிட லாபம் என்று எழுதி வைத்துவிட்டே செய்தார்கள். இங்கிருந்து நீர்க்கரை இன்று நூறு கிலோமீட்டருக்கும் அப்பால். இங்கிருந்த மீன் டப்பாத் தொழிற்சாலையை மூட மனமில்லாமல், பல ஆண்டுகள் தொலைதூரக் கடல்களிலிருந்து உறைய வைத்த மீனை ரயிலில் கொண்டுவந்து டப்பாவில் அடைத்தார்கள். அருங்காட்சியகத்தில் அந்த டப்பாக்கள் சில இருக்கின்றன, வண்ணச் சீட்டு ஒட்டி.

1921இல் வோல்காக் கரையில் பஞ்சம் வந்தபோது லெனின் ஆரல் மீனவர்களுக்குக் கடிதம் எழுதினார், அவர்களும் மீன் அனுப்பினார்கள். அந்தக் கடிதத்தைச் சித்தப்பா படித்திருக்கிறார். படகுகளின் அருகே இறங்கிப் போய், ஒன்றின் அடிப்பலகையைத் தட்டிப் பார்த்தார். காலடியில் சிப்பி ஓடுகள் நொறுங்கின. "வாங்கினவன் ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லையே" என்றார். விவாதத்துக்கு வந்திருந்தால் நான் பேசியிருப்பேன். ஓட்டுநரிடம் ரஷ்ய மொழியில் என்னவோ கேட்டார். இப்போது அரசு கடலடியில் சக்சவுல் புதர்கள் நட்டு மணலைப் பிடித்து நிறுத்தப் பார்க்கிறது என்று பதில் வந்தது. ஓட்டுநர் மகனும் பள்ளியிலிருந்து போய் நட்டிருக்கிறான்.

மதியச் சாப்பாடு ஒரு வீட்டில். மீன் வறுவல் இருக்கிறது என்றார்கள். எங்கிருந்து என்று கேட்டோம். பக்கத்து ஏரியில் பிடித்தது. உப்பும் மிளகும் மட்டும், மொறுமொறுவென்று, முள் ஏராளம். ஆளுக்கு 60 ஆயிரம் சோம். நிறையச் சாப்பிட்டோம்.

அக்டோபர் 18, வெள்ளி – தாஷ்கண்ட்

மழை. வயிறு சரியில்லை, எனக்குத்தான். குதிரை தின்றவர் நன்றாக இருக்கிறார்.

மதியம் வெயில் எட்டிப் பார்த்ததும் மக்கள் நட்புச் சிலைக்குப் போனோம். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் போர்முனைப் பகுதிகளிலிருந்து லட்சக்கணக்கானவர்கள் தாஷ்கண்டுக்கு வந்தார்கள். கவிஞர் அஹ்மதோவா 1941 முதல் 1944 வரை இங்கே இருந்தார். ஆதரவற்ற குழந்தைகளை உஸ்பெக் குடும்பங்கள் பிரித்து எடுத்து வளர்த்தன. ஷாமஹ்முதோவ் என்ற கொல்லரும் மனைவியும் ஒரு டஜனுக்கும் மேல் எடுத்தார்கள், வெவ்வேறு இனப் பிள்ளைகள். அந்தக் குடும்பத்துக்குத்தான் சிலை. 2008இல் அரசு இரவோடிரவாக அதைப் பெயர்த்து ஊரின் ஓரத்துக்குக் கொண்டுபோனது. ஆட்சி மாறி, 2018இல் பழைய இடத்துக்கே திரும்பி வந்தது. அமீர் தைமூர் சதுக்கத்துக் கதை இன்னும் நீளம்: அங்கே காஃப்மன் இருந்தார், ஸ்டாலின் இருந்தார், கார்ல் மார்க்ஸ் இருந்தார், 1993 முதல் குதிரைமேல் தைமூர். அந்த இடத்தில் நிற்பவர்களைவிட அங்கே பெயர்த்து ஏற்றும் பாரந்தூக்கி ஓட்டுநருக்குத்தான் நிரந்தர வேலை என்றேன். சித்தப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அடக்கப் பார்த்தார், முடியவில்லை.

விமானம் நாற்பது நிமிடம் தாமதம். விமான நிலையத்துச் சோம்சா (அவர்கள் ஊர்ச் சமோசா) ஊரில் விற்கிற விலையைப்போல் மூன்று மடங்கு. இதைப் பார்த்துவிட்டு, "அந்தக் காலமாக இருந்தால் இப்படி விற்க விடுவார்களா?" என்றார். அந்தக் காலமாக இருந்தால் வரிசை இருந்திருக்கும், சோம்சா இருந்திருக்காது என்றேன். வரிசையில் நின்றே பழகியவன் நான், உனக்கும் சேர்த்து வாங்கி வருகிறேன் என்று சொல்லிவிட்டு எழுந்து போனார், பூசணி வைத்தது இரண்டு, இறைச்சி வைத்தது ஒன்று.